பூஸ்ட் போட முதல் இன்பொக்ஸைத் திறந்து பாருங்க

மருதமுனையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தா: வீட்டுல நெய்யிற கைத்தறிச் சாறிய தினமும் பேஸ்புக்குல போடுறன், லைக் வருது, ஓடர் வருதில்ல, காசு கட்டி போஸ்ட இன்னும் நிறையப் பேருக்குக் காட்டுற பூஸ்ட் பண்ணட்டா எண்டு.

இப்ப வேணாம் தங்கச்சி. உங்கட பேஜைப் பார்த்தன், "பாரம்பரியம்", "தரமான உற்பத்தி", "எங்கள் தறி", "விலைக்கு இன்பொக்ஸ்"... எல்லாம் உங்களப் பத்தின கதை, வாங்குற ஆளுக்கு ஒரு வரி இல்ல. இதுக்குக் காசு போட்டா இன்னும் நிறையப் பேர் பாத்துட்டுப் போவாங்க, அவ்வளவுதான்.

கைத்தறிய ஆரு கூட உடுக்குறா? டீச்சர்மார், கந்தோர்ல வேலை செய்றவங்க. காலையில ஸ்கூட்டியில ஸ்கூலுக்கு ஓடுற டீச்சருக்கு உங்கட பாரம்பரியம் ரெண்டாவதுதான், சாயம் போகுமா, வெயிலுக்குத் தாங்குமா, மாரியில காயுமா, ஜாக்கெட் துணி வருதா, இதுதான் அவட கேள்வி. இதெல்லாம் ஏற்கெனவே உங்கட இன்பொக்ஸ்லயும் வட்ஸ்அப்லயும் கிடக்கும், ஒரு கொப்பியில எழுதிப் பாருங்க, எது திரும்பத் திரும்ப வருதோ அதுதான் அடுத்த போஸ்ட்.

சாயத்தையே எடுப்பம். கடும் சிவப்புச் சாறிய வெள்ளை வாளியில ஊறப்போட்டு, தண்ணிட நிறம் என்னவோ அத அப்பிடியே வீடியோ எடுங்க, பாட்டு கீட்டு வேணாம். சாயம் விட்டா விடுதெண்டே எழுதுங்க: "முதல் ரெண்டு தரம் கொஞ்சம் சாயம் விடும், தனியாக் கழுவுங்க, நிழல்ல காய வையுங்க. சாறி அஞ்சரை மீட்டர், ஜாக்கெட் துணி இருக்கு." கீழயே விலையும் டெலிவரி காசும். இப்பிடிச் சொன்னா ஆரு வாங்குவா எண்டு பயப்படுவீங்க. சொல்லாம வித்து, ஒரு டீச்சரிட வெள்ளை உள்பாவாடை சிவப்பாகினா அந்த ஸ்டாஃப் ரூம் முழுக்கக் கதை போயிரும், பிறகு அந்த ஸ்கூல்ல ஒரு சாறி விக்க ஏலாது.

விலைய மறைக்கிறதும் அப்பிடித்தான். கேட்டுட்டு வாங்காம விட சனத்துக்கு வெக்கம், அதால கேக்காமலே போயிருவாங்க.

"லைக் பண்ணுங்க, அஞ்சு பேர டேக் பண்ணுங்க" எண்டு கெஞ்சுறதையும் விடுங்க, அப்பிடியான போஸ்டுகளக் கீழ தள்ளுவம் எண்டு பேஸ்புக்கே 2017 டிசம்பர்ல அறிவிச்சது. தினமும் போடவும் தேவையில்ல, கிழமைக்கு ரெண்டு உருப்படியாப் போதும், ஸ்கூல் 1.30க்கு விட்ட பிறகு போட்டுப் பாருங்க.

பூஸ்ட் எப்ப? காசு போடாமலே "இதே டிசைன் நீலத்துல இருக்கா" எண்டு நாலு பேர் கேக்கிற போஸ்ட் ஒண்டு வரும். அதுக்கு மட்டும் சின்னத் தொகை போடுங்க, முதல்ல உங்கட பக்கத்து அம்பாறை, மட்டக்களப்பு ஆக்களுக்குக் காட்டினாப் போதும். அண்டைக்கு நீங்க தறியில இருந்தா போனை வீட்டுல ஆரிட்டயாவது குடுத்து வையுங்க, பின்னேரம் கேட்ட ஆளுக்கு அடுத்த நாள் பதில் சொன்னா அவ வேற கடையில வாங்கி முடிச்சிருப்பா.