தவறான இடத்தில் இரக்கம் காட்டி ஏமாந்ததுண்டா? காட் சாட் சொல்லும் 'தற்கொலை இரக்கம்' சரிதானா?

கேள்வியைப் பார்த்தால், யாருக்கோ கைமாற்றுக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. எனக்கும் நடந்தது. அதற்கு முன் அந்தப் பேராசிரியரைப் பற்றிக் கொஞ்சம்.

காட் சாட் எங்கள் ஊர்க்காரர். ஊர் என்றால் கனடாவின் மொன்றியல். 1964-இல் பெய்ரூட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, லெபனானில் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் பெற்றோரோடு இங்கே தப்பி வந்தவர். கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தில் மார்க்கெட்டிங் பேராசிரியராகி, மனிதர்கள் பொருள் வாங்கும் பழக்கத்தைப் பரிணாமக் கோட்பாட்டை வைத்து விளக்கினார். ஆனால் பெயர் எடுத்தது யூடியூப்பிலும் அமெரிக்கர் ஜோ ரோகனின் பேட்டி நிகழ்ச்சியிலும் வாய்ச்சண்டை பிடித்துத்தான். குற்றவாளிக்கும் களவாக எல்லை கடந்தவனுக்கும் அளவில்லாமல் இரங்கியே மேற்கு நாடுகள் அழியப்போகின்றன என்பது அவர் வாதம். இதைத்தான் 'தற்கொலை இரக்கம்' என்கிறார். 2025-இல் ஈலோன் மஸ்க் ரோகனிடம் அவர் பெயரைச் சொல்லி இதையே பேசினார். அன்றிலிருந்து என் மச்சான்மாருக்கு வாட்ஸப்பில் வேறு கதை இல்லை. அந்த மச்சான்மார் இரண்டு பேரும் அகதிக் கோரிக்கை வைத்து உள்ளே வந்தவர்கள்.

உடனே 'இடதுசாரி' என்று எழுத வராதீர்கள். அந்த மனிதர் பத்து வயது தாண்டியதும் போரைப் பார்த்தவர், அவர் பயத்தை நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் நான் வந்த புதிதில் என்னோடு அறையில் இருந்த ஒரு அண்ணை, 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 இலங்கைத் தமிழரில் ஒருவர். மீனவர்கள் காப்பாற்றினார்கள். படகில் வந்தவர்கள் இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலில் சொன்னார்கள். சில நாளிலேயே மேற்கு ஜெர்மனியில் கப்பல் ஏறியது வெளியே வந்துவிட்டது. இரக்கப்பட்டு ஏமாந்துவிட்டோம் என்று கனடியர்கள் பலர் கொதித்தார்கள். ஆனாலும் திருப்பி அனுப்பவில்லை. அண்ணை சொல்லுவார்: "எங்கை இருந்து வந்தது எண்டதிலைதான் தம்பி பொய். ஏன் வந்தது எண்டதிலை இல்லை."

சரி, என் கதை. தொண்ணூறுகளில் நான் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நான் பிறந்த ஊர்ப் பெடியன் ஒருவன் வந்தான். நான் படித்த அதே பள்ளிக்கூடம். தை மாதக் குளிரில் காலில் கான்வாஸ் சப்பாத்து, அது முழுக்க உப்புக் கறை. பார்த்ததும் மனம் இளகிவிட்டது. இருபது பேர், மாதம் 500 டொலர்ச் சீட்டில் அவனைச் சேர்த்து, "நான் பொறுப்பு" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். நாலாம் மாதமே எல்லாரையும் விடக் கூடுதல் கழிவு விட்டுச் சீட்டை எடுத்தான். ஆறாம் மாதத்தோடு ஆள் இல்லை. ரொறன்ரோ என்றார்கள், லண்டன் என்றார்கள். மிச்சம் 14 மாதம் நான் கட்டினேன். 7,000 டொலர். மனைவியின் தாலிக்கொடி ஒரு வருடம் அடைவில் இருந்தது.

சாட்டிடம் கேட்டால் இதுதான் தற்கொலை இரக்கம் என்பார். கன காலம் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு போல் புளூம் என்ற உளவியலாளர் பேசியதைக் கேட்டேன். அவரும் மொன்றியலில் பிறந்தவர்தான். பிறர் வலியைத் தன் வலியாக உணர்வது ரோச் லைற் (டார்ச் விளக்கு) மாதிரி, அடித்த இடம்தான் தெரியும், அதுவும் நம்மைப் போன்றவர்கள் மேல்தான் அடிப்போம் என்கிறார். அவருடைய முடிவு வேறு: உணர்ச்சியைக் குறை, நன்மை செய்வதைக் குறைக்காதே, யோசித்துச் செய். காட் சாட்டையும் புளூமையும் ஒரே கூடையில் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அதைக் கேட்டபோது எனக்கு நினைவு வந்தது பெடியன் இல்லை. அந்த உணவகத்தில் என் பக்கத்தில் நின்று தட்டுக் கழுவிய கொங்கோ நாட்டுக்காரர். பெடியன் வந்த அதே குளிர்காலத்து மாசியில் அவர் ஒரு வீடு வாடகைக்கு எடுக்க, தெரிந்தவர் என்று என் பெயரையும் டெலிபோன் நம்பரையும் கொடுக்கலாமா என்று கேட்டார். காசு கேட்கவில்லை, கையெழுத்துக்கூட இல்லை. வீட்டுக்காரர் எடுத்தால் நல்ல மனிதர் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எனக்கு பிரெஞ்சு சரியாக வராது என்று சமாளித்தேன். அவரோடு தினமும் பிரெஞ்சில்தான் கதைத்துக்கொண்டிருந்தேன். அவர் "பரவாயில்லை" என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த தட்டை எடுத்தார். பிறகு இரண்டு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.