முள்ளா, கம்பியா, கண்ணாடியா? பஞ்சர் தாங்கும் டயர்கள்: கேள்வி பதில்

கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். விலை கேட்க வேண்டாம், இன்றைய விலை நாளை இருக்காது. மெல்லிய டயர் போட்ட சாலை சைக்கிள் மட்டுமே என் எல்லை.

கேள்வி (வேளச்சேரி): அண்ணா, வாரந்தோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய் வருகிறேன். அடிக்கடி பஞ்சர். பஞ்சரே ஆகாத டயர் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: அப்படி ஒரு டயர் இல்லை. இருப்பதாகச் சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள். டயரைத் தேடும் முன் ட்யூபில் விழுந்த துளையைப் பாருங்கள். யார் குற்றவாளி என்று அதுவே சொல்லிவிடும்.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளைகள், பாம்பு கடித்த மாதிரி இருந்தால், காற்று குறைவாக இருந்தபோது பள்ளத்திலோ வேகத்தடையிலோ ட்யூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. எந்த டயர் வாங்கினாலும் இது நிற்காது. காற்றடிக்கும் பம்ப் வாங்குங்கள். துளை ட்யூபின் உள்வட்டத்தில், ரிம் பக்கம் இருந்தால், ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப் விலகியிருக்கும், அல்லது ஸ்போக் முனை குத்தியிருக்கும். அதுவும் டயரின் பிழை அன்று. வெளிவட்டத்தில் சின்னக் கீறல் என்றால் கண்ணாடி. ஊசிமுனை அளவுத் துளை, இரவெல்லாம் மெதுவாகக் காற்று இறங்குகிறது என்றால் பெரும்பாலும் கம்பி. நெடுஞ்சாலை ஓரங்களில் லாரி டயர்கள் வெடித்துச் சிதறுகின்றனவே, அவற்றின் உள்ளே இருக்கும் எஃகு இழைகள் அவை. தலைமுடி கனத்தில், ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் சாலையோர மணலில் கிடக்கும்.

டயரை மாட்டும்போது அதன் மேலுள்ள எழுத்து சரியாக வால்வுக்கு நேரே வரும்படி மாட்டுங்கள். ட்யூபில் துளை கிடைத்ததும், வால்விலிருந்து அதே தூரத்தில் டயரில் தேடினால் குத்திய பொருள் சிக்கும். அதை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் அடுத்த பத்து நிமிடத்தில் மறுபடியும் சாலையோரம் உட்கார்ந்திருப்பீர்கள். டயரின் உள்பக்கத்தை முழுச் சுற்றும் விரலால் தடவிப் பாருங்கள். மெதுவாக. கிழித்துக்கொள்ளப் பயமாக இருந்தால் பஞ்சை வைத்துத் தடவுங்கள். முனை இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கும்.

கேள்வி (திருச்சி): 'கெவ்லார்' என்று போட்ட டயர் வாங்கினேன். கடைக்காரர் குண்டு துளைக்காத சட்டையில் போடும் துணி என்றார். முதல் வாரமே முள் குத்திவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இரண்டு விஷயங்கள் கலந்துவிட்டன. கெவ்லார் என்பது டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி க்வோலெக் 1965-இல் கண்டுபிடித்த இழை. டயரில் அது இரண்டு இடங்களில் வரலாம். ரிம்முக்குள் அமரும் விளிம்பில் எஃகுக் கம்பிக்குப் பதிலாக அதைப் போட்டால் டயரை மடித்துப் பையில் வைக்கலாம், எடையும் குறையும். பஞ்சருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சாலையில் படும் பகுதிக்கு அடியில் பட்டையாகப் போட்டால்தான் அது காவல். உங்கள் டயரில் எது என்று பெட்டியில் பாருங்கள்.

பட்டையாகவே இருந்தாலும் முள்ளுக்கு அது அரைகுறைக் காவல்தான். நெய்த இழை இழுவையைத் தாங்கும், வெட்டைத் தாங்கும். கூரான ஊசிமுனை இழைகளை அறுப்பதில்லை, விலக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறது. கண்ணாடிக்கு நல்ல டயர் முள்ளுக்குத் தோற்பது இதனால்தான். முள்ளைத் தடுப்பது கனம். ரப்பரின் கனம்.

கேள்வி (பெங்களூரு): கான்டினென்டல் கேட்டர்ஸ்கின், அதே நிறுவனத்தின் கிராண்ட் பிரீ 5000. எது வாங்கலாம்? எனக்கு வேகமும் வேண்டும்.

பதில்: கிராண்ட் பிரீ 5000, 2018-இல் வந்தது. 25 மி.மீ. அகலத்தில் ஏறத்தாழ 220 கிராம். உள்ளே வெக்ட்ரான் இழைப் பட்டை இருக்கிறது. 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் காற்றுப் பைகளும் வெக்ட்ரானில் செய்தவைதான். நன்றாக உருளும், ஈரத்திலும் பிடிக்கும். கேட்டர்ஸ்கினில் பலர் நினைப்பது போலக் கெவ்லார் கிடையாது, பாலியெஸ்டர் பட்டைதான். அதன் பலம் பக்கச்சுவரில் ஓடும் பழுப்பு நிற வலைத்துணியிலும் கெட்டியான ரப்பரிலும் இருக்கிறது. கல் உரசிப் பக்கவாட்டில் கிழிவது அதனால் குறையும். ஆனால் அந்தக் கெட்டித்தன்மைக்கு இரண்டு விலை கொடுக்கிறீர்கள்: உருள ஒரு டயருக்குச் சில வாட் கூடுதலாக மிதிக்க வேண்டும், மழையில் பிடிப்பு குறையும். இரண்டாவதை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பஞ்சர் ஆனால் நேரம் போகும். வளைவில் வழுக்கினால் தோள்பட்டை எலும்பு போகும்.

வேகமும் காவலும் கலந்து வேண்டுமென்றால் நடுவில் கிராண்ட் பிரீ 4-சீசன் இருக்கிறது. வெக்ட்ரான் இரண்டு அடுக்கு, பக்கச்சுவரில் அதே வலைத்துணி. நான் சாலைக்கு எடுப்பது அதைத்தான்.

கேள்வி (மதுரை): சார், கேட்டர்ஸ்கின் நல்ல டயரா?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (ராமநாதபுரம்): எங்கள் பக்கம் சாலையின் இரு புறமும் சீமைக் கருவேலம். வெட்டிப் போட்ட கிளைகளை வண்டிகள் இழுத்துப் போவதால் முள் நடுச்சாலை வரை கிடக்கிறது. பஞ்சர் கடைக்காரருக்கு என் பெயரே மனப்பாடம். கேட்டர்ஸ்கினும் போட்டுப் பார்த்துவிட்டேன். வேறு வழி?

பதில்: இன்றைய கேள்விகளில் உண்மையான கேள்வி இது. நெருஞ்சி முள் குட்டையானது, நல்ல பட்டை போட்ட டயர் அதை ஓரளவு சமாளிக்கும். சீமைக் கருவேல முள் சில சென்டிமீட்டர் நீளம், காய்ந்தால் ஆணி. நிமிர்ந்து நிற்கும் ஒன்றின் மேல் ஏறினால் 250 கிராம் டயர் எதுவும் தாங்காது.

கனத்தை ஏற்றுக்கொள்ளத் தயாரா? ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் டயரில் சாலையில் படும் பகுதிக்கு அடியில் 5 மி.மீ. கனத்துக்கு நெகிழும் ரப்பர் அடுக்கு இருக்கிறது. முள் குத்தும், ஆனால் பெரும்பாலும் ட்யூபைத் தொடாது. 28 மி.மீ. அளவில் ஒரு டயர் 700 கிராமைத் தாண்டும். ஓட்டும்போது மந்தமாக இருக்கும், மாட்டும்போது கட்டைவிரல் வலிக்கும். வேலைக்கும் கல்லூரிக்கும் போய்வருபவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். 200 கி.மீ. பிரேவேயை, அதாவது நேர வரம்புள்ள நெடுந்தூர ஓட்டத்தை, 13 மணி 30 நிமிடத்தில் முடிக்க வேண்டியவர் யோசிக்க வேண்டும்.

கேள்வி (கோவை): குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ராமநாதபுரம் நண்பரை ஏன் இரும்புக் குண்டைச் சுமக்க வைக்கிறீர்கள்? ட்யூப்லெஸ் போட்டால் முடிந்தது. முள் குத்தினால் உள்ளே இருக்கும் சீலன்ட் திரவம் தானே அடைத்துக்கொள்ளும்.

பதில்: முள்துளைக்கு ட்யூப்லெஸ் மிக நல்ல மருந்து, மறுக்கவில்லை. ஆனால் "முடிந்தது" இல்லை. லேடெக்ஸ் சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும். நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். காய்ந்தது வெளியே தெரியாது, முள் குத்தும்போதுதான் தெரியும். தவிர, ரிம் ட்யூப்லெஸுக்காகச் செய்ததாக இருக்க வேண்டும். சாதாரண ரிம்மில் டேப் ஒட்டி முயல்வது ஆபத்து.

கேள்வி (ராமநாதபுரம்): என் ரிம் பழையது. அதுவும் போக, எங்கள் ஊரில் சீலன்ட் யார் விற்கிறார்கள்? பஞ்சர் கடையில் ட்யூபுக்கு ஒட்டுப் போடுவார்கள், இதைப் பார்த்தால் ஓட்டல் சட்னியா என்று கேட்பார்கள்.

கேள்வி (கோவை): ஒரு பாட்டில் தபாலில் வரவழைத்தால் பல மாதங்களுக்கு வரும். துளை பெரிதானால் அடைக்கும் ரப்பர் புழு இருக்கிறது. அதுவும் போதாவிட்டால் உள்ளே ஒரு ட்யூப் போட்டு வீடு வரலாம். நானே மருதமலை அடிவாரத்தில் அப்படித்தான் வந்தேன்.

பதில்: அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பொறி இருக்கிறது. சீலன்ட் அடைத்த முட்கள் எங்கே போயின? எங்கும் போகவில்லை. ஒடிந்த முனைகள் டயருக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருக்கின்றன. முள் காட்டில் சில மாதம் ஓடிய ட்யூப்லெஸ் டயருக்குள் எத்தனை முனைகள் இருக்கும் என்று ஒரு முறை கழற்றிப் பாருங்கள். அதற்குள் ட்யூபைத் திணித்துக் காற்றடித்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் குத்தும். இருட்டில், சீலன்ட் வழியும் கையோடு, ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். மீண்டும் சொல்கிறேன்: உள்பக்கம் தடவிப் பார்க்காமல் ட்யூப் போடாதீர்கள். ட்யூப்லெஸ்காரர்கள் இரண்டு முறை தடவுங்கள்.

இன்னொன்று, மெல்லிய டயரில் அழுத்தம் அதிகமாக இருந்தால் சீலன்ட் துளையை அடைக்கும் முன் பீய்ச்சிக்கொண்டு வெளியேறும். 28, 30 மி.மீ. டயரில் குறைந்த அழுத்தத்தில்தான் அது ஒழுங்காக வேலை செய்கிறது. டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி இல்லாத ரிம் (ஹுக்லெஸ்) என்றால் எப்படியும் 5 பார், அதாவது 72 பிஎஸ்ஐ தாண்டக் கூடாது.

கேள்வி (கோவை): ஆக, குறைகளை மட்டும் அடுக்குகிறீர்கள். நான் இதற்கு மாறிய பிறகு அந்த மருதமலை நாளைத் தவிர சாலையில் நின்றதே இல்லையென்று சொன்னால்?

பதில்: நம்புகிறேன். புது ரிம், 30 மி.மீ. டயர், நேரம் தவறாமல் சீலன்ட் ஊற்றும் பொறுமை, இந்த மூன்றும் உள்ளவர் நீங்கள். ராமநாதபுரத்துக்காரரிடம் பழைய ரிம்மும் நல்ல பஞ்சர் கடையும் இருக்கின்றன. அவருக்குக் கனமான டயர், உங்களுக்குச் சீலன்ட். சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்றினால் எல்லாம் தீரும் என்று இருவர் தனியே எழுதியிருக்கிறார்கள். அது 2017-லேயே உயர் நீதிமன்றம் வரை போன வழக்கு, எனக்குத் தெரிந்தது டயர் மட்டும்.

கேள்வி (சேலம்): 120 பிஎஸ்ஐ வரை இறுக்கி அடித்தால் பஞ்சர் ஆகாது என்று எங்கள் குழுவில் மூத்தவர் சொல்கிறார்.

பதில்: நசுங்கிப் பஞ்சராவது குறையும். முள்ளும் கண்ணாடியும் இன்னும் எளிதாக உள்ளே போகும், ஏனென்றால் டயர் வளைந்துகொடுக்காது. 70 கிலோ எடைக்காரர் 25 மி.மீ. டயரில் பின்னால் 85 முதல் 90, முன்னால் சற்றுக் குறைவாக வைத்தால் போதும். 28 மி.மீ. என்றால் இன்னும் பத்துப் பதினைந்து குறையுங்கள். மூத்தவருக்கு என் வணக்கம்.

பஞ்சர் கடை கம்ப்ரஸரில் நேரடியாக அடிக்காதீர்கள். அது லாரிக்கானது. மெல்லிய ட்யூப் கண் இமைப்பதற்குள் வெடிக்கும்.

கேள்வி (நாமக்கல்): டிபியு (மெல்லிய பிளாஸ்டிக்) ட்யூப் போட்டுக் கொல்லிமலை ஏறலாமா? எனக்கு ரிம் பிரேக்.

பதில்: ஏறலாம். இறங்குவதுதான் கவலை. 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்தபடி வந்தால் ரிம் கொதிக்கும், அந்தப் பிளாஸ்டிக்குக்கு வெப்பம் ஆகாது. ரிம் பிரேக்குக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள். சாதாரண சொல்யூஷனோ ஒட்டோ அதில் பிடிக்காது, தனி ஒட்டு வேண்டும்.

கேள்வி (தஞ்சாவூர்): கேட்டர்ஸ்கின் வாங்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில்.

பதில்: படியுங்கள்.

கேள்வி (ஓசூர்): காற்றே இல்லாத திட ரப்பர் டயர்?

பதில்: வேண்டாம்.

கேள்வி (திருநெல்வேலி): மலைப்பாதை சைக்கிளுக்கு எது நல்லது?

பதில்: என் எல்லைக்கு வெளியே. அதை ஓட்டுபவரிடம் கேளுங்கள்.

கேள்வி (புதுச்சேரி): பின் டயர் தேய்ந்துவிட்டது. அதை முன்னால் போட்டு, முன் டயரைப் பின்னால் போட்டால் இரண்டும் சமமாகத் தேயுமல்லவா?

பதில்: செய்யவே செய்யாதீர்கள். பின் டயர் வெடித்தால் தடுமாறி நிற்கலாம். முன் டயர் வெடித்தால் கீழே விழுவீர்கள். நல்ல டயர் எப்போதும் முன்னால். தேய்ந்ததைத் தூக்கிப் போட்டு, முன் டயரைப் பின்னால் தள்ளி, புதியதை முன்னால் போடுங்கள். கான்டினென்டல் டயர்களில் தேய்மானம் காட்ட, சாலையில் படும் பகுதியில் இரண்டு சிறு குழிகள் இருக்கும். அவை மறைந்துவிட்டால் எந்தப் பட்டையும் காப்பாற்றாது. டயர் மெலிந்த பிறகு பஞ்சர் கூடுவது இயல்பு, அதற்குப் பிராண்டைத் திட்டாதீர்கள்.

கேள்வி (ராமநாதபுரம்): நீங்கள் சொன்னபடி தடவிப் பார்த்தேன். பின் டயரில் இரண்டு முள்முனைகள் கிடைத்தன, ஒன்று ரப்பருக்குள் புதைந்து அழுத்தினால் மட்டுமே தெரிந்தது. குறடால் பிடுங்கிவிட்டேன். இனி மாரத்தான் பிளஸ் வாங்க வேண்டுமா?

பதில்: உடனே வேண்டாம். இந்த டயரிலேயே ஓட்டிப் பாருங்கள். பழைய முனைகள்தான் திரும்பத் திரும்பக் குத்தியிருக்கலாம். புது முட்களே குத்துகின்றன என்று உறுதியானால் பின்னால் மட்டும் மாரத்தான் பிளஸ் போடுங்கள், எடை அழுத்துவது அங்கேதான், பஞ்சரும் அங்கேதான் அதிகம். 28 மி.மீ. வாங்கும் முன் பிரேக்குக்கும் சட்டத்துக்கும் இடையே டயரைச் சுற்றிக் குறைந்தது 4 மி.மீ. இடைவெளி மிஞ்சுமா என்று அளந்துவிடுங்கள். பழைய சைக்கிள்கள் பலவற்றில் 25-க்கு மேல் நுழையாது.

கேள்வி (மதுரை): சார், கேட்டர்ஸ்கினுக்கு எந்த ட்யூப்?

பதில்: டயரின் பக்கவாட்டில் 25-622 (அகலம், ரிம் விட்டம், இரண்டும் மி.மீ.யில்) என்பது போல எழுதியிருக்கும். அதே எண் அடங்கும் ட்யூப். வால்வு நீளம் உங்கள் ரிம் உயரத்தைவிட 20 மி.மீ.யாவது கூடுதலாக இருக்கட்டும். மாட்டும் முன் டயரின் உள்பக்கத்தை என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.