வன்னியில் புலிகள் இயக்கத்துக்குப் போன பிள்ளைகள் விரும்பிப் போனார்களா, பிடித்துக்கொண்டு போனார்களா?

கேள்வி கேட்டவர் வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளை போலத் தெரிகிறது. இரண்டும் நடந்தது. 2007, 2008 இல் வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்துக்கொண்டு போனதை நான் மறுக்கவில்லை. பிள்ளைகளைப் பங்கருக்குள் ஒளித்துவைத்த வீடுகள் எனக்குத் தெரியும். ஆனால் என் பெரியம்மாவின் மகன் 1997 இல் தானாகவே போனவர். உடனே சிறுவர் போராளி என்று எழுத வராதீர்கள், 18 முடிந்திருந்தது.

உடையார்கட்டில் வயல் செய்த குடும்பம். அண்ணாவுக்குக் கிரிக்கெட் பைத்தியம். அப்போது வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றினால்தான், டைனமோ கரண்டில் ரேடியோ பாடும். 1996 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் அரவிந்த டி சில்வா 107 அடித்து முடிக்கும்வரை சுற்றியதில் அவருக்குக் கை வீங்கிவிட்டது. அடுத்த வருடம் அதே நாட்டு இராணுவத்துக்கு எதிராகப் போனார். இதில் என்ன முரண் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை.

1997 மே 13 இல் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கியது. வவுனியாவிலிருந்து ஏ9 வீதியைப் பிடித்துக்கொண்டு வடக்கே போக வந்த படை. ஓமந்தை, நெடுங்கேணிச் சனம் உழவு இயந்திரங்களில் சட்டி பானையோடு வந்து இறங்கியதைப் பார்த்துத்தான் அண்ணா போனார் என்பது என் எண்ணம். பெரியப்பா வயலில் வைத்து ஏசியதால்தான் போனான் என்று பெரியம்மா இன்றைக்கும் சண்டை பிடிப்பா.

போனவர் துவக்கைவிட மண்வெட்டியைத்தான் அதிகம் பிடித்திருப்பார். பங்கர் வெட்டுவது, மரக்குற்றி சுமப்பது, நுளம்புக்கடி. ஒருமுறை மலேரியாவோடு வீட்டுக்கு வந்து, குளிசை கைக்கிறது என்று சின்னப்பிள்ளை மாதிரி பனங்கட்டி கேட்டார். காய்ச்சல் விட்டதும் போய்விட்டார்.

புளியங்குளம் பக்கம் ஷெல் பட்டது. சவப்பெட்டியைத் திறக்க விடவில்லை. சைவக் குடும்பம், கொள்ளி வைக்க வேண்டும் என்று பெரியப்பா ஒற்றைக்காலில் நின்றார். இயக்கத்தில் எரிப்பதில்லையே, விசுவமடுத் துயிலும் இல்லத்தில் (போராளிகளின் மயானம்) விதைத்தார்கள், அதாவது புதைத்தார்கள். அன்று கோபித்தவர்தான் பிறகு வெள்ளிக்கிழமைகளில் போய்க் கல்லறையைச் சுற்றிப் புல்லுப் பிடுங்கினார். போர் முடிந்தபின் துயிலும் இல்லங்களை இடித்து நிரவினார்கள். இப்போது நவம்பர் 27, மாவீரர் நாள் அன்று உத்தேசமாக ஓரிடம் பார்த்து விளக்கு வைக்கிறோம். அங்கேயும் யார் பொதுச்சுடர் ஏற்றுவது என்று அரசியல்வாதிகளுக்குள் இழுபறி.

சரி, விரும்பியா இல்லையா என்று மட்டும் கேட்கிறீர்களே, இருப்பவர்கள் பாட்டைக் கேட்க யாருமில்லை. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பெரியப்பாவின் வயலில் பற்றை வளர்ந்துவிட்டது. அதைக் காடு என்று சொல்லி ஒரு திணைக்களம் எல்லைக்கல் நட்டிருக்கிறது. காணிப் பெர்மிட் பத்திரம் 2009 இல் ஓடிய ஓட்டத்தில் தொலைந்தது. பிரதி எடுக்கப் போனால் ஒரு மேசை அடுத்த மேசையைக் காட்டுகிறது. காணி விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். துரோகி, தியாகி என்று சண்டை போட வருபவர்களுக்கு நான் பதில் எழுத மாட்டேன்.