வாசகர் கேள்வி – பதில்: மாணவர் தேர்ச்சியை அளக்கும் வினாக்கொத்து

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, பல்கலைக்கழக மாணவரின் தேர்ச்சிகளையும் கண்ணோட்டங்களையும் அளக்கும் வினாக்கொத்துகளைப் பற்றியே இருந்தன. ஒன்றின் பதில் மற்றொன்றுக்கும் உதவும் என்பதால் இந்த இதழின் பகுதியை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற மாணவரின் இணையவழிக் கற்றல் தேர்ச்சியை முதுநிலைப் பட்ட ஆய்வுக்காக அளக்கிறேன். 24 கூற்றுகள் கொண்ட ஓர் ஆங்கில வினாக்கொத்தை நானே தமிழாக்கி, வட்சப் குழுவிலுள்ள 40 பேரிடம் நிரப்பி வாங்கினேன். க்ரொன்பாக் அல்பா 0.93 வந்தது. ஆனாலும் என் மேற்பார்வையாளர் இது போதாது என்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்? (முதுநிலை மாணவி, ஹட்டன்)

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மேற்பார்வையாளர் சொல்வது சரி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க நெடுநேரம் தேவையில்லை. கொழுந்து நிறுக்கும் தராசு ஒன்று ஒவ்வொரு முறையும் இரண்டு கிலோ குறைத்தே காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் நிறுத்தாலும் அந்தியில் நிறுத்தாலும் அதே இரண்டு கிலோதான் குறையும். அந்தத் தராசு தடுமாறவில்லை. ஆனால் அதை நம்பிக் கணக்கு எழுதினால், முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) பெற வேண்டிய ஒரு பெண்ணுக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்துவிடும். தடுமாறாமல் ஒன்றையே காட்டுவது நம்பகம். எதை அளக்கப் புறப்பட்டோமோ அதையே அளப்பது வலிதுடைமை. அல்பா பேசுவது முதலாவதைப் பற்றி மட்டுமே. அதிலும் கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்ற ஒரு பக்கத்தைப் பற்றி மட்டுமே.

லீ க்ரொன்பாக் 1951இல் வெளியிட்ட கட்டுரையால் புகழ்பெற்ற இந்தக் குணகம், கூற்றுகளின் எண்ணிக்கை கூடக் கூடத் தானாகவே உயரும். கூற்றுகளுக்கிடையிலான சராசரி இணைபுக் குணகம் 0.3 மட்டுமே என்று கொண்டு கணக்கிட்டால், 5 கூற்றுகளுக்கு அல்பா ஏறத்தாழ 0.68, 10 கூற்றுகளுக்கு 0.81, 24 கூற்றுகளுக்கு 0.91 என்று வரும். கூற்றுகளின் உறவு மூன்று இடத்திலும் ஒன்றே. வினாக்கொத்தின் நீளம்தான் வேறு. நீங்கள் இணைத்தனுப்பிய படியில் 5ஆம், 9ஆம், 17ஆம் கூற்றுகளைப் பாருங்கள்: ‘எனக்கு இணையத்தில் தேடத் தெரியும்’, ‘வேண்டியதை இணையத்தில் கண்டுபிடிக்க என்னால் முடியும்’, ‘தேடுபொறியைப் பயன்படுத்த அறிவேன்’. ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டால் ஒரே பதில்தான் மூன்று முறை வரும். உங்கள் 0.93இல் ஒரு பகுதி அப்படி வந்ததே. வட்சப் குழுவில் உடனே பதிலளித்த 40 பேரும் கையில் ஸ்மார்ட்போனும் டேட்டாவும் உள்ளவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. உங்கள் 24 கூற்றுகளும் ‘என்னால் முடியும்’, ‘எனக்குத் தெரியும்’, ‘அறிவேன்’ என்றே முடிகின்றன. இவை அளப்பது தேர்ச்சியை அன்று. தன் தேர்ச்சியைப் பற்றி மாணவர் வைத்திருக்கும் நம்பிக்கையை. இரண்டும் வேறு வேறு. டனிங், க்ரூகர் என்ற இரு உளவியலாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், சோதனையில் மிகக் குறைந்த புள்ளி பெற்ற மாணவர்களே தம்மை மிகவும் கூட்டி மதிப்பிட்டிருந்தனர். உயர்ந்த புள்ளி பெற்றவர்களோ மற்றவர்களோடு ஒப்பிடுகையில் தம்மைச் சற்றுக் குறைத்தே மதிப்பிட்டனர். ஆகவே உங்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஆய்வின் தலைப்பை ‘தன் தேர்ச்சி குறித்த மாணவரின் கண்ணோட்டம்’ என்று நேர்மையாக மாற்றிக்கொள்வது. மற்றது, வினாக்கொத்தோடு சிறிய செயற்பணி ஒன்றையும் சேர்ப்பது: ஓர் இணையப் பக்கத்தைக் கொடுத்து, அதை எழுதியவர் யார், எப்போது எழுதினார், அதிலுள்ள ஒரு புள்ளிவிபரத்தின் மூலம் எது என்று பத்து நிமிடங்களில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இருவர் தனித்தனியே புள்ளியிடட்டும். அவர்களின் உடன்பாட்டைக் கோஹன் 1960இல் தந்த கப்பா குணகத்தால் பார்க்கலாம். பிறகு செயற்பணிப் புள்ளியையும் வினாக்கொத்துப் புள்ளியையும் ஒப்பிட்டால், உங்கள் வினாக்கொத்து எதை அளக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இரண்டாவது வழியில் வேலை அதிகம்தான். ஆனாலும் அதையே நான் பரிந்துரைக்கிறேன்.

இனி மொழிபெயர்ப்பு. பல ஆண்டுகளுக்கு முன் நான் உதவிய ஓர் ஆய்வில் ‘தகவல்களை விமர்சன ரீதியாக மதிப்பிடுகிறேன்’ என்று ஒரு கூற்று இருந்தது. எல்லாக் கூற்றுகளிலும் நல்ல புள்ளி பெற்ற மாணவி ஒருத்தி இதற்கு மட்டும் ‘முற்றிலும் உடன்படவில்லை’ என்று குறித்திருந்தாள். அருகில் அமர்த்தி, வாசித்துக்கொண்டே மனதில் தோன்றுவதைச் சொல்லச் சொன்னேன். பேனா நுனியை ‘விமர்சன’ என்ற சொல்லில் வைத்து, ‘ஒருத்தர் எழுதினதக் குறை சொல்ற பழக்கம் எனக்கு இல்ல சேர்’ என்றாள். தன் குணத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் நேர்மையில் அவள் தன் திறமைக்குப் பூச்சியம் போட்டிருந்தாள். பிரிஸ்லின் 1970இல் முறைப்படுத்திய பின்மொழிபெயர்ப்பை நாங்கள் செய்திருந்தோம். தமிழிலிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் மூலச் சொல்லையே அச்சொட்டாக எழுதித் தந்திருந்தார். பின்மொழிபெயர்ப்புக்கு அகப்படாத பிழை ஒரு மாணவியின் வாயில் அரை நிமிடத்தில் வெளிப்பட்டது. பிறகு அந்தக் கூற்றை ‘வட்சப்பில் வரும் செய்தியை அனுப்புமுன், அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்ப்பேன்’ என்று மாற்றி, பதிலையும் ‘ஒருபோதும் இல்லை’ முதல் ‘எப்போதும்’ வரை அமைத்தோம்.

ஆகவே புள்ளிவிபர மென்பொருளைத் திறக்குமுன் எட்டுப் பத்து மாணவரோடு இப்படித் தனித்தனியே அமருங்கள். அவர்களில் ஒருவராவது உங்கள் குழுவுக்கு வெளியே இருப்பவராக, கூச்சமுள்ளவராக இருக்கட்டும். அதன்பின் துறை அறிந்தவர்களிடம் கூற்றுகளைக் கொடுத்து, ஒவ்வொன்றும் இன்றியமையாததா என்று கேளுங்கள். லோஷே 1975இல் தந்த சூத்திரம், ‘ஆம்’ என்றவர்களின் தொகையிலிருந்து மொத்தத்தின் பாதியைக் கழித்து, அந்தப் பாதியாலேயே வகுக்கிறது. அதன்படி பத்துப் பேரில் எட்டுப் பேர் ‘ஆம்’ என்றால் விகிதம் 0.60, அவருடைய அட்டவணை பத்துப் பேருக்குக் கேட்பது 0.62. எனவே ஒன்பது பேர் வேண்டும். எட்டுப் பேர் ஏற்ற கூற்றை உடனே எறிந்துவிட வேண்டியதில்லை. மறுத்த இருவரும் என்ன சொன்னார்கள் என்று முதலில் வாசியுங்கள். விகிதத்தைவிட அந்த இரு குறிப்புகளே பல வேளைகளில் பயன் தரும்.

கேள்வி: காரணிப் பகுப்பாய்வுக்கு எத்தனை மாணவர் தேவை? ஒரு கூற்றுக்குப் பத்துப் பேர் என்பது கட்டாயமா? (விரிவுரையாளர், பதுளை)

பதில்: கட்டாயம் இல்லை. காரணிப் பகுப்பாய்வு என்பது, பதில்களில் ஒன்றாகத் திரளும் கூற்றுகளைக் கண்டு, அவற்றுக்குப் பின்னுள்ள பொதுப் பண்பை, அதாவது காரணியை, அடையாளம் காணும் முறை. கூற்றுக்கு ஐந்து பேர், பத்துப் பேர் என்பவை கைக்கணக்குகள். ஒரு காரணியில் நான்கைந்து கூற்றுகள் வலுவாகப் பொருந்தினால் சிறிய மாதிரியும் தாங்கும்; பொருத்தம் தளர்வாக இருந்தால் முந்நூறு பேரும் போதாமல் போகலாம். திட்டமிடும்போது முந்நூறை நோக்கிச் செல்வது பாதுகாப்பானது.

நான் கவலைப்படுவது வேறு இரண்டு பழக்கங்களைப் பற்றி. ஐகன் பெறுமானம் (பதில்களின் வேறுபாட்டில் ஒரு காரணி எவ்வளவை விளக்குகிறது என்று காட்டும் எண்) 1ஐ விடக் கூடிய காரணிகளையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்வது முதலாவது. மென்பொருள் தானாகச் செய்வதால் பலரும் கேள்வியின்றி ஏற்கிறார்கள். அது தேவைக்கு மேல் காரணிகளைக் காட்டும் இயல்புடையது. ஹோர்ன் 1965இல் தந்த சமாந்தரப் பகுப்பாய்வைச் செய்து பாருங்கள். தற்செயலாக உருவாக்கிய தரவில் கிடைப்பதை விட உங்கள் தரவில் கூடுதலாக உள்ள காரணிகளை மட்டுமே அது நிறுத்தும். இரண்டாவது, ஒரே மாணவரின் பதில்களில் காரணிகளைக் கண்டுபிடித்து, அதே பதில்களைக் கொண்டே உறுதிசெய்வது. கண்டுபிடிக்க ஒரு தொகுதி மாணவர், உறுதிசெய்ய வேறொரு தொகுதி மாணவர் என்று முதலிலேயே பிரித்து வையுங்கள்.

கேள்வி: மாணவர் சிந்திக்காமல் ஒரே கோட்டில் குறித்துச் செல்வதைத் தடுக்க, பாதிக் கூற்றுகளை எதிர்மறையாக எழுதச் சொல்கிறார்கள். செய்யலாமா? (இறுதி வருட மாணவர், பண்டாரவளை)

பதில்: தமிழில் இதை மிகுந்த கவனத்தோடு செய்ய வேண்டும். நம் மொழியில் மறுப்பு வினைச்சொல்லின் கடைசியில் வந்து நிற்கிறது. ‘உதவி கேட்க நான் தயங்குவதில்லை’ என்ற கூற்றுக்கு ‘உடன்படவில்லை’ என்று குறிக்க வேண்டிய மாணவர், தயக்கம், அதன் மறுப்பு, அந்த மறுப்பின் மறுப்பு என்று மூன்று படிகளைத் தாண்ட வேண்டும். இருபதாவது கூற்றில் களைத்துப்போனவர் அங்கே வழுக்குவார். பிறகு காரணிப் பகுப்பாய்வில் எதிர்மறைக் கூற்றுகள் எல்லாம் தனியே ஒரு காரணியாகத் திரளும். அதைப் புதிய திறன் என்று பெயரிட்டு ஆய்வேட்டில் விளக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். எதிர்ப்பொருள் வேண்டுமானால் ‘இல்லை’யைச் சேர்க்காமல் ‘உதவி கேட்கத் தயங்குகிறேன்’ என்று உடன்பாட்டு வினையிலேயே எழுதுங்கள். கவனக்குறைவைக் கண்டுபிடிக்க ‘இந்த வரியில் நான்காவது கட்டத்தைக் குறிக்கவும்’ என்று ஒரேயொரு கூற்றைச் சேர்த்தாலே போதும்.

கேள்வி: நான் முப்பது வருடம் தோட்டப் பாடசாலையில் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் பழைய மாணவர் சிலர் இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். தோட்டப் பகுதி மாணவருக்குச் சுயகற்றல் தேர்ச்சி மற்றவர்களைவிடக் குறைவு என்று ஓர் ஆய்வறிக்கை ஒரு கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. மனம் ஒப்பவில்லை. எண்கள் சொன்னால் ஏற்கத்தானே வேண்டும்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மஸ்கெலியா)

பதில்: ஐயா, எண்களை ஏற்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த அளவுகோல் இரு சாராருக்கும் ஒரே அளவுகோலாக வேலை செய்ததா? இதற்கு முறையான சோதனை உண்டு. முதலில், கூற்றுகள் இரு குழுவிலும் அதே காரணிகளாகத் திரள்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அடுத்து, ஒவ்வொரு கூற்றும் தன் காரணியோடு இரு குழுவிலும் ஒரே வலிமையில் இணைகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக, ஒரே அளவு தேர்ச்சியுள்ள இருவர் எந்தக் குழுவில் இருந்தாலும் அந்தக் கூற்றுக்கு ஒரே மட்டத்தில் பதிலளிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது படியையும் தாண்டிய பிறகே சராசரிகளை ஒப்பிட்டு ‘இவர்களுக்குக் குறைவு’ என்று பேச இடமுண்டு.

சுயகற்றலை அளக்கும் வினாக்கொத்துகளில் வழக்கமாக வரும் வகையில் இரண்டு கூற்றுகளை எடுத்துக்கொள்வோம். ‘படிப்பதற்கு அமைதியான இடத்தை ஒழுங்குசெய்துகொள்கிறேன்.’ குடும்பம் முழுவதும் ஒரே லயக் காம்பராவில் உறங்க, வாசல் விளக்கடியில் உட்கார்ந்து படித்து உயர்தரம் சித்தியடைந்த பிள்ளை இதற்கு என்ன குறிக்கும்? ‘இல்லை’ என்றுதான் குறிக்கும். அந்தக் கூற்று அளந்தது அறையை. பிள்ளையின் தேர்ச்சியை அன்று. ‘ஐயம் எழுந்தால் விரிவுரையாளரிடம் கேட்டுத் தெளிகிறேன்.’ வீட்டிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போன பிள்ளை விரிவுரையாளரின் அறை வாசலில் நிற்கவே கூசும். ஆனால் விடுதியில் மூத்த மாணவரிடம் இரவு பதினொரு மணிக்குக் கேட்டுத் தெளிந்துவிடும். ஐயம் தெளிந்தது, புள்ளி கிடைக்கவில்லை. இப்படி நான்கைந்து கூற்றுகள் சேர்ந்தாலே இரு குழுவின் சராசரியும் பிரிந்துவிடும்.

உண்மையான வேறுபாடே இருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. வசதிக் குறைவு கற்றலைப் பாதிக்கும். அதை மறைப்பதும் பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்குதான். இருந்தால் அது எவ்வளவு, எதனால் என்று தெரிய வேண்டும்; கோணிய தராசில் நிறுத்து அதைச் சொல்லக் கூடாது.

ஐயா, அந்த அறிக்கையை எழுதியவர்களிடம் வினாக்கொத்தின் படியைக் கேட்டு வாங்குங்கள். குழு ஒப்பீட்டுக்கு முன் மேலே சொன்ன மூன்று படிகளையும் சோதித்தார்களா என்றும் கேளுங்கள். விடுமுறைக்கு ஊர் வரும் உங்கள் மாணவரில் மூவரைத் தனித்தனியே அருகில் அமர்த்தி, ஒவ்வொரு கூற்றையும் உரக்க வாசிக்கச் சொல்லி, எந்தச் சொல்லில் நிற்கிறார்கள், என்ன சொல்லிக்கொண்டு கட்டத்தைக் குறிக்கிறார்கள் என்று எழுதி எனக்கு அனுப்பிவையுங்கள். அந்தக் குறிப்புகளை, மாணவரின் பெயர் இல்லாமல், கூற்றுக் கூற்றாக எடுத்து அடுத்து வரும் பகுதியில் பார்ப்போம்.