டாலர் ஏறுனா வீட்ல கொண்டாட்டமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் வீட்டுக்காரர் ஷார்ஜாவுல வேலை பாக்குறார். டாலர் 90 ரூபா தாண்டிருச்சு, இப்பவே ஷார்ஜா பேங்க்ல லோன் போட்டு மொத்தமா ஊருக்கு அனுப்பிடறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். சரியா வருமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: வேணாம்மா. அந்த ஊர்க் காசு திர்ஹாமை 1997லயே ஒரு டாலருக்கு 3.6725னு கட்டிப் போட்டுட்டாங்க, அதனால டாலர் ஏறுனா நம்ம ரூபா கணக்குல திர்ஹாமும் கூடவே ஏறும், அது வாஸ்தவம்தான். மாசம் 2,000 திர்ஹாம் அனுப்புறார்னு வைங்க, டாலர் 83ல இருந்தப்ப 45,200 ரூபா, 90ன்னா 49,000. ஆனா பெட்ரோல், சமையல் எண்ணெய், தங்கம் எல்லாம் நாம வெளிய டாலர் குடுத்து வாங்குறதுதானே, கூட வந்ததுல கொஞ்சம் அந்தப் பக்கமாவே போயிடும்.

லோன் விஷயத்துல எங்க வீட்லயே சூடு பட்டாச்சு. 2013 மே ஆரம்பத்துல 54 கிட்ட இருந்த டாலர் ஜூலையில 60க்கு வந்ததும், இதுக்கு மேல எங்க ஏறப்போகுதுன்னு எங்க சித்தப்பா அங்க கடன் வாங்கி அனுப்பினார். ஆகஸ்ட் கடைசியில 68! இஎம்ஐ கட்டி முடிக்கிற வரைக்கும் வீட்ல அந்த எட்டு ரூபா பேச்சுதான். சம்பளம் வர வர அனுப்பச் சொல்லுங்க. கமிஷன் இல்லன்னு போர்டு மாட்டின கடையில ரேட்ல கை வச்சிருப்பாங்க, அதனால "ஊர் அக்கவுண்ட்ல எவ்வளவு விழும்"னு மட்டும் கேட்டா போதும்.

கேள்வி: பொண்ணு பிரசவத்துக்கு நியூஜெர்சி போறோம். போன தடவை இவர் ஒரு காபி குடிக்க விடல, அஞ்சு டாலர்னா 400 ரூபாயான்னு எல்லாத்தையும் பெருக்கிட்டே இருந்தார். இந்தத் தடவை எவ்வளவு கொண்டு போறது? (வாசகி, மதுரை)

பதில்: பொண்ணு வாங்கித் தர்ற காபியைப் பெருக்காதீங்க, அவ சம்பாதிக்கிறதும் டாலர், செலவு பண்றதும் டாலர். அங்க சம்பாதிக்கிறவங்களே லீவுக்கு மதுரை வந்தா 300 ரூபா கேக்குற ஆட்டோக்காரர்கிட்ட பேரம் பேச மாட்டாங்க, மூணு டாலர்தானப்பான்னுட்டு ஏறிடுவாங்க, அப்புறம் நாம அதே ஆட்டோவுல போக முடியாது!

உங்க கையிலிருந்து போறதை மட்டும் பெருக்குங்க. இன்சூரன்ஸ்ல மட்டும் கஞ்சத்தனம் வேணாம், அங்க ஒரு நாள் ஆஸ்பத்திரியில படுத்தா வர்ற பில்லு டாலர்ல வரும். சுகர், பிபி மாத்திரை, மூக்குக் கண்ணாடி எல்லாம் இங்கேயே வாங்கி, டாக்டர் சீட்டோட எடுத்துட்டுப் போங்க. பணத்தை ஏர்போர்ட்ல மாத்தாதீங்க, முன்கூட்டியே டாலரா போட்டு வைக்கிற ஃபாரெக்ஸ் கார்டுல ரெண்டு மூணு தவணையா போட்டு வைங்க. நம்ம ஊர் டெபிட், கிரெடிட் கார்டைத் தேய்க்கும்போது மெஷின் டாலரா ரூபாயான்னு கேட்டா டாலரை அமுக்குங்க, ரூபாயை அமுக்குனா அவன் வச்சதுதான் ரேட்டு. திரும்பி வர்றப்ப மிச்சம் இருக்குற நோட்டு 2,000 டாலர் வரைக்கும் கையில வச்சுக்கலாம், அடுத்த பேரனுக்கு ஆகும்.

கேள்வி: அண்ணா கனடாவில இருந்து மாசம் 200 டாலர் அனுப்புறவர். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தால், "2022க்குப் பிறகு உங்களுக்கு ரெட்டிப்பாக் காசு வருது, எங்க போகுது"ன்னு கேட்கிறார். என்ன சொல்றது? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: 2022 மார்ச் 7ல உங்க சென்ட்ரல் பேங்க் டாலர் ரேட்டைப் பிடிச்சிருந்த பிடியை விட்டதும், இலங்கை ரூபாயில 200 சொச்சத்துல நின்ன அமெரிக்க டாலர் மே மாசத்துக்குள்ள 350ஐ தாண்டிருச்சு, கனடா டாலரும் அதே கதை, அண்ணன் அதை மட்டும் பாத்திருக்கார், கூடவே விலைவாசி ஏறுனதைப் பாக்கல. 2021 செப்டம்பர்ல 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 1,493 ரூபா, 2022 ஏப்ரல்ல 4,860. இதை அவருக்குப் புரியுற காசுலயே சொல்லுங்க: முந்தி ஒன்பது கனடா டாலர் சொச்சத்துக்கு வந்த சிலிண்டர் பதினெட்டு டாலர் கிட்ட போச்சு. நம்பலன்னா அடுத்த திருவிழாவுக்கு வர்றப்ப சமையல் சாமான் லிஸ்ட்டையும் பையையும் அவர் கையில குடுத்து கடைக்கு அனுப்பிடுங்க.