நோரெல் சீக்வின் கவுன்: தொங்கவிடாதீர்கள்

அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் நார்மன் நோரெலின் பழைய 'மெர்மெய்ட்' கவுன் உங்களிடம் இருக்கிறது, அதில் சீக்வின் (பளபளக்கும் சிறு வில்லை) உதிர்கிறது, தோள் தொய்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் ஹேங்கர்தான் காரணம், இன்றே இறக்கிவிடுங்கள். அடித்துணி ஜெர்சி, அதாவது இழுத்தால் நீளும் பின்னல் துணி. கையால் தைத்த அத்தனை சீக்வினின் கனமும் தொங்கும்போது துணி இழுபட்டு நீளும், நூலும் அறும். அணிந்தால் உடலோடு வழுக்கிக்கொண்டு நகரும் அந்த அழகுக்கும் அதே ஜெர்சிதான் காரணம். இன்றும் இதைத் தேடி வாங்குவது அதனால்தான்.

மடிப்புகளுக்குள் அமிலமற்ற டிஷ்யூ தாளைச் சுருட்டி வைத்து, பெட்டியில் படுக்கப் போடுங்கள். அறுந்த நூலை இழுக்காதீர்கள், வரிசையே அவிழும். உள்பக்கம் முடிச்சிட்டு மெல்லிய பட்டு நூலால் தையுங்கள். டிரை கிளீனிங்குக்கு முன் உதிர்ந்த ஒரு சீக்வினில் சோதிக்கச் சொல்லுங்கள். சில ரகம் நிறமிழந்து சுருண்டுவிடும்.

லேபிளில் 'ட்ரெய்னா-நோரெல்' என்றிருந்தால் 1941–1960 காலத்தது.