200 மீட்டரில் நாலாவது லேன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அல்சூரில் இருக்கிறேன். மகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் குழுவில் ஒருத்தி. போன டிசம்பர் ஸ்போர்ட்ஸ் டேயில், ஏழாம் வகுப்பு 200 மீட்டர் ஓட்டம் சண்டையில் முடிந்தது. பயிற்சியில் எப்போதும் முதலில் வரும் பையன் நாலாவது லேனில் ஓடிக் கடைசியாக வந்தான். ‘ஸ்டேக்கர் தப்பு’ (வெளி லேன்காரரை எத்தனை மீட்டர் முன்னால் நிறுத்துவது என்ற கணக்கு) என்று அவன் அப்பா மேடைக்கே வந்துவிட்டார். பி.டி. மாஸ்டர் புத்தகத்தைத் திறந்து காட்டினார்: இரண்டாவது லேனுக்கு 3.52 மீட்டர், மூன்றாவதுக்கு 7.35, நாலாவதுக்கு 11.19. அப்படியேதான் போட்டிருந்தார். எங்கள் மைதானம் செம்மண் தரை. சுவருக்குச் சுவர் 95 மீட்டருக்கு 50 மீட்டர். ஒரு சுற்று 200 மீட்டர். யார் சொல்வது சரி? இந்த வருடம் டிராக்கை எப்படிப் போடுவது?

க., பெங்களூரு

அன்புள்ள க.,

அந்த அப்பா சொன்னதுதான் சரி. புத்தகத்திலும் பிழை இல்லை. ஆனால் அது 400 மீட்டர் டிராக்குக்குப் போட்ட கணக்கு. கண்டீரவா ஸ்டேடியம் போன்ற 400 மீட்டர் டிராக்கில் 200 மீட்டர் என்பது அரைச் சுற்று, ஒரே ஒரு வளைவு. உங்கள் மைதானத்தில் அதே 200 மீட்டர் முழுச் சுற்று, இரண்டு வளைவு. வெளி லேன்காரருக்கு ஒவ்வொரு வளைவிலும் தூரம் கூடுகிறது. ஒரு வளைவுக்கு மட்டும் ஈடு கொடுத்துவிட்டு இரண்டு வளைவு ஓடவிட்டிருக்கிறார்கள்.

லேனின் அகலம் 1.22 மீட்டர். ஒரு லேன் வெளியே போனால் ஆரம் அவ்வளவு கூடும், ஒரு முழுச் சுற்றின் நீளம் 2 × 3.1416 × 1.22, அதாவது 7.67 மீட்டர் கூடும். இந்தக் கணக்கில் மைதானத்தின் அளவு வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். சின்ன டிராக் என்பதால் ஸ்டேக்கரும் சின்னது என்று நினைப்பதுதான் பல பள்ளிகளில் நடக்கும் கோளாறு. உங்களுக்கு வேண்டியது 7.67, 15.33, 23.00. அந்தப் பையன் முதல் லேன்காரரைவிட 11.8 மீட்டர் அதிகம் ஓடியிருக்கிறான். 200 மீட்டரை 33 வினாடியில் ஓடுகிறவனுக்கு அது ஏறக்குறைய 2 வினாடி.

மாஸ்டர் இன்னொரு பக்கத்தைப் புரட்டி, முழுச் சுற்றுக்கு 7.04 என்று காட்டக்கூடும். அது உள்விளிம்பில் திண்டு கட்டிய டிராக்குக்கு. அங்கே முதல் லேனைத் திண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளியும் மற்ற லேன்களைக் கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளியும் அளப்பார்கள். உங்களிடம் இருப்பது வெறும் பொடிக்கோடு. எல்லா லேனுக்கும் 20 செ.மீ.தான்.

இனி டிராக். நேர்பகுதி 40 மீட்டர் வீதம் இரண்டு. மீதி 120 மீட்டரை இரண்டு அரைவட்டங்களுக்குக் கொடுத்தால் ஓடும் ஆரம் 19.10. அதில் 20 செ.மீ. கழித்து, கோடு போடும் ஆரம் 18.90. நாலு லேனோடு மொத்த அகலம் 47.56, நீளம் 87.56. பக்கச் சுவர்களுக்கு ஆளுக்கு 1.22 மீட்டர்தான் மிஞ்சும். ஐந்தாவது லேன் போடச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். அகலம் சரியாக 50 மீட்டர் ஆகி, பிள்ளைகளின் தோள் சுவரில் உரசும்.

மைதானத்தின் நடுக்கோட்டில் 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்பு முளைகளைத் தரைமட்டத்துக்கு அடியுங்கள். இவைதான் அரைவட்டங்களின் மையம். ஒவ்வொரு முளையிலிருந்தும் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இருபுறமும் 18.90 அளந்து புள்ளி வையுங்கள். செங்குத்துக்கு 6, 8, 10 மீட்டர் முக்கோணம் போதும். இப்போது கிடைக்கும் செவ்வகத்தின் இரு மூலைவிட்டங்களும் 55 மீட்டர் 3 செ.மீ. வர வேண்டும். வராவிட்டால் பொடியைத் தொடாதீர்கள், திரும்ப அளங்கள். வளைவு போட நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். அது ஒரு சதவீதம் நீண்டாலே ஆரம் 19 செ.மீ. கூடி, ஒரு சுற்று 1.2 மீட்டர் நீண்டுவிடும். இரும்பு டேப் அல்லது கட்டுக்கம்பி எடுங்கள்.

முடிவுக்கோடு, நேர்பகுதி முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில். 200 மீட்டருக்குப் புறப்படும் கோடும் அதுவே. எனவே ஸ்டேக்கர் முழுக்க வளைவில் விழும். அடுத்த தவறு இங்கேதான் நடக்கும். டேப்பை நேராக இழுத்து 23 மீட்டர் அளந்தால் வளைவுக்குக் குறுக்கே போய், நாலாவது லேன்காரருக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் இனாமாகக் கிடைத்துவிடும். நேராக இழுப்பதென்றால் 7.62, 15.01, 22.03 என்று அளங்கள். அந்தந்த லேனில் உள்கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளிய புள்ளியில் டேப்பை வைத்து, அதேபோன்ற புள்ளியில் முடிக்க வேண்டும். சரியாகப் போட்டால் நாலாவது லேன் பிள்ளை ஏகத்துக்கும் முன்னால் நிற்பது போலத் தெரியும். இந்த முறை முதல் லேன் பெற்றோர் கிளம்புவார்கள். ஓட்டத்துக்கு முன்பே மைக்கில் தமிழிலும் கன்னடத்திலும் இரண்டு வரி சொல்லிவிடுங்கள்.

நூறு மீட்டர் ஓட்டம் உங்கள் மைதானத்தில் முடியாது. மூலைக்கு மூலை 107 மீட்டர் இருக்கிறதே என்று ஆசை காட்டுவார்கள். நாலு லேன் அகலத்துக்கு இரு மூலைகளிலும் இடம் வெட்டுப்பட்டு, எப்படிச் சாய்த்துப் போட்டாலும் 103 மீட்டர்தான் மிஞ்சும். முழு வேகத்தில் வரும் பிள்ளைகள் சுவரில்தான் போய் நிற்பார்கள். 60 மீட்டர் வையுங்கள். உள்ளரங்கத் தடகளத்தில் உலகமெங்கும் ஓடும் தூரம்தான், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. முடிவுக்கோடு இருக்கும் நேர்பகுதியின் லேன்களையே பின்பக்கம் 20 மீட்டர் நீட்டினால் போதும். புறப்படும் இடத்துக்குப் பின்னால் 7.5 மீட்டர், கோட்டைத் தாண்டி ஓடி நிற்க 27.5 மீட்டர் கிடைக்கும். அந்த 27.5 மீட்டரில் ஷாமியானா கயிறோ விருந்தினர் நாற்காலியோ வரக்கூடாது. போட்டோ நன்றாக விழும் என்று மேடையை அங்கேதான் போடத் துடிப்பார்கள்.

பொடி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சுண்ணாம்பு மலிவு, செம்மண்ணில் பளிச்சென்று தெரியும். ஆனால் நீற்றுச் சுண்ணாம்பு கடுமையான காரம். விழுந்து எழும் பிள்ளையின் கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். சாக் பவுடர் அல்லது வெள்ளைக் கோலப்பொடி வாங்குங்கள். ஐந்து கோடுகளும் சேர்ந்து 1,070 மீட்டர் வரும். முதலில் ஒரு பை போட்டுப் பார்த்து, அது எத்தனை மீட்டர் வருகிறதென்று பார்த்த பிறகு மீதியை வாங்கலாம். டிசம்பரில் ஒரு தூறல் போட்டாலும் கோடு கலைந்துவிடும். ஸ்டேக்கர் புள்ளிகளில் ரிப்பன் கட்டிய ஆணிகளைத் தரைமட்டத்துக்கு அடித்து வைத்தால் காலையில் மறுபடி அளக்க வேண்டியதில்லை. தண்ணீர் தெளிப்பதை முந்தின சாயங்காலமே முடித்துவிடுங்கள். காலையில் தெளித்தால் 19 மீட்டர் ஆரத்தில் திரும்பும் கால் வழுக்கும்.

நாலே லேன் என்பதால் ஹீட்ஸ் (இறுதிக்கு முந்தைய தேர்வு ஓட்டங்கள்) வைக்க வேண்டிவரும். இறுதிக்கு ஒவ்வொரு ஹீட்டிலும் முதலில் வந்தவர்களை எடுங்கள். வெவ்வேறு ஹீட்டின் கைக்கடிகார நேரத்தை ஒப்பிட்டு ஆள் எடுப்பது இன்னொரு சண்டைக்கு அழைப்பு. நேரம் குறிப்பதென்றால், புறப்படச் சொல்லித் தட்டும் கிளாப்பரின் பலகைகள் சேர்வதைக் கண்ணால் பார்த்து அழுத்த வேண்டும். சத்தம் 60 மீட்டர் வர 0.17 வினாடி எடுத்துக்கொள்ளும்.

முடிவுக்கோட்டில் கணக்கு மார்புக்குத்தான். தலையோ நீட்டிய கையோ சேராது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நடுவரை, கோட்டின் நேர்நீட்சியில் உட்காரவையுங்கள். பெற்றோர் செல்போன் வீடியோவோடு வருவார்கள். கோட்டுக்குச் சாய்வாக நின்று எடுத்த வீடியோவில் கேமராவுக்குப் பக்கத்து லேனும் தூரத்து லேனும் முன்பின்னாகத் தெரியும். வீடியோவை ஏற்பதென்றால் கோட்டுக்கு நேரே ஸ்டாண்டில் பொருத்திய பள்ளியின் போன் ஒன்றை மட்டும் ஏற்பது என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிடலாம்.

அன்புடன்